எந்த நரம்பு, எந்தச் சுவர்: ஆணை விரும்பும் ஆணுக்கு புராஸ்டேட் புற்றுநோய் வந்தால்

சென்னையில் பலருக்கும் இந்தச் சேதி இரண்டு வழியில் வருகிறது. ராத்திரி நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போகிறாரே என்று யாராவது பிடித்துத் தள்ளி டாக்டரிடம் அனுப்புவது ஒன்று. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) என்ற வரிக்கு நேராக எண் தடித்த எழுத்தில் வந்து நிற்பது இன்னொன்று. அப்புறம் எம்.ஆர்.ஐ., ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, புற்றின் தீவிரத்தைச் சொல்லும் க்ளீசன் ஸ்கோர். எல்லாம் முடிந்து யூராலஜிஸ்ட் எதிரில் உட்கார்ந்தால், முதல் கேள்விகளில் ஒன்று: "வைஃப் வந்திருக்காங்களா சார்?"

கேட்பவருக்கு அது சும்மா பேச்சைத் தொடங்கும் வழி. பதில் சொல்ல வேண்டியவர் பல வருடமாக இன்னொரு ஆணோடு குடித்தனம் நடத்துபவராக இருக்கலாம். ஊருக்காகக் கல்யாணம் செய்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் ஆண்களோடு உறவு வைத்திருப்பவராகவும் இருக்கலாம். அவர் "ஊர்ல இருக்காங்க" என்றோ "கல்யாணம் ஆகல" என்றோ சொல்லி நிறுத்திக்கொள்வார். அதற்குமேல் கேட்க மாட்டார்கள். இப்படி விழுங்கிய பதிலால் அவருக்குப் பொருந்தாத சிகிச்சை அமைந்துவிட வாய்ப்பு உண்டு. காரணம் உடலின் அமைப்பில் இருக்கிறது.

புராஸ்டேட் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அதன் முதுகுப்பக்கம் மலக்குடலின் முன்சுவர். நடுவில் சில மில்லிமீட்டர் சவ்வுதான். டாக்டர் கையுறை போட்ட விரலை ஆசனவாய்க்குள் விட்டு புராஸ்டேட்டைத் தடவிப் பார்க்க முடிவது இதனால்தான். ஆசனவாய் உறவில் உள்வாங்குபவருக்கு அந்த இடத்தில் தனியான சுகம் கிடைப்பதும் இதனால்தான். விந்து நீரில் ஏறக்குறைய கால் பங்கை இந்தச் சுரப்பி தருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி அதன் பின்னால் இருக்கும் விந்துப்பைகளில் இருந்து வருகிறது. பி.எஸ்.ஏ. என்பது கெட்டியாக வெளிவரும் விந்தை இளகவைக்கும் புரதம். அதில் துளியூண்டு ரத்தத்திலும் கசியும். சுரப்பியில் வீக்கம், கிருமித்தொற்று, புற்றுநோய் எது வந்தாலும் கசிவு கூடும்.

வெளியில் இருந்து அழுத்தம் பட்டாலும் கூடும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் விந்து வெளியேறக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. உள்வாங்கும் பழக்கம் உள்ளவர் ஒரு வாரம் அதைத் தவிர்த்துவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் வல்லுநர்களின் வழிகாட்டல். காலையில் வெறும் வயிற்றில் வாருங்கள் என்று சொல்லும் லேபில் இதை யாரும் சொல்வது அபூர்வம். சனிக்கிழமை இரவின் விளைவு திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் ஏறி, தேவையில்லாத பயாப்ஸி வரை ஒருவரை இழுத்துப்போகலாம். பயாப்ஸி செய்தபின் மறுபடி உள்வாங்கும் முன் காத்திருக்க வேண்டிய காலமும் உண்டு. ஊசி மலக்குடல் வழியாகப் போயிருந்தால் இரண்டு வாரம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாகப் போயிருந்தால் ஒரு வாரம்.

சரி, புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை. இப்போது என்ன செய்வது? பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சுரப்பியை எடுத்துவிடும் அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். 15 ஆண்டுக் கணக்கு 2023ல் வெளியானது. எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 3 சதவீதத்தை ஒட்டித்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் வேறு இடத்துக்குப் பரவியது சுமார் 9 சதவீதம் பேருக்கு, மற்ற இரண்டு பிரிவுகளில் 5 சதவீதம் பேருக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் உயிர் பிழைப்பதில் மூன்றும் ஏறக்குறைய சமம்.

அப்படியென்றால் தேர்வைத் தீர்மானிப்பது பக்கவிளைவுதான். அங்கே மூன்றும் சமம் இல்லை. அதே ஆய்வில் 7 ஆண்டு கழித்து உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் கண்காணிப்பில் 30 சதவீதம், கதிர்வீச்சில் 27, அறுவையில் 18. சிறுநீர்க் கசிவுக்கு பேட் வைக்க வேண்டியிருந்தவர்கள் அறுவைப் பிரிவில்தான் அதிகம். மலக் கசிவு கதிர்வீச்சுப் பிரிவில் 12 ஆண்டு முடிவில் 12 சதவீதம், மற்ற இரண்டிலும் 6. இந்த எண்களைப் பார்க்கும் டாக்டர், எதிரில் இருப்பவரை ஒரு பெண்ணின் கணவராக நினைத்து, "செக்ஸ் லைஃப் முக்கியம்னா ரேடியேஷன் பெட்டர்" என்று சொல்லிவிடலாம். மலக்குடலைப் படுக்கையறைக் கணக்கில் அவர் சேர்த்திருக்க மாட்டார். உள்வாங்கும் ஆணுக்கு அதுதான் கணக்கே.

முதலில் அறுவை. விறைப்பைத் தூண்டும் நரம்புகள் முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருந்து வந்து, புராஸ்டேட்டின் இரு பின்பக்கவாட்டிலும் ஒட்டிக்கொண்டு ஆண்குறிக்குப் போகின்றன. சுரப்பியைக் கடிகார முகமாக வைத்து அறுவை நிபுணர்கள் 5 மணி, 7 மணி என்று குறிப்பிடும் இடங்கள். இவை சுரப்பிக்கு வெளியே ஓடுகின்றன என்பதே ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. அறுவை என்றால் விறைப்பு போய்விடும் என்றே வைத்திருந்தார்கள். 1981ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பீட்டர் டோங்கர், பேட்ரிக் வால்ஷ் என்ற இருவர், இறந்து பிறந்த ஒரு குழந்தையின் உடலில் இந்த நரம்பிழைகளைப் பின்தொடர்ந்து வழியைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே வால்ஷ் நரம்பை ஒதுக்கிவைத்து சுரப்பியை மட்டும் எடுத்தார். இன்று ரோபோட் கைகளோடு நடக்கும் அறுவையிலும் சாரம் அதுதான். புற்று அந்த ஓரத்தை எட்டியிருந்தால் நரம்பைக் காப்பாற்ற முடியாது. விளம்பரப் பலகையில் ரோபோட் படத்தைப் பார்த்து மயங்காமல், "என் கேஸில் இரண்டு பக்க நரம்பும் தப்புமா?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

வெட்டாமல் ஒதுக்கிய நரம்பும் இழுபட்டு, சூடுபட்டு, செயலற்றுப் போகும். மீள ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம். நல்ல நாளில் அந்த நரம்பு நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகிறது. அதனால் ஆண்குறிக்குள் இருக்கும் தசை தளர்ந்து ரத்தம் நிறைகிறது. சில்டெனாஃபில் (வயாகரா) போன்ற மாத்திரை அந்தச் சமிக்ஞை சீக்கிரம் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. சமிக்ஞையே இல்லாதபோது மாத்திரைக்கு வேலை இல்லை. அறுவைக்குப் பிறகு "மாத்திரை கேட்கல" என்று பலர் மனம் ஒடிவது இந்த இடத்தில். நேராக ஆண்குறியில் போடும் ஊசியும் வாக்யூம் பம்பும் நரம்பைச் சாராமல் வேலை செய்யும். மாத்திரையைப் பற்றி இன்னொன்று. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டோடு இது சேரக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். சார்பிட்ரேட் நைட்ரேட் வகை; பார்ட்டிகளில் முகரும் 'பாப்பர்ஸ்' அதற்கு நெருங்கிய நைட்ரைட் வகை என்பது பலருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும். உயிர் போகும் ஆபத்து.

உள்நுழைப்பவருக்கு, அதாவது 'டாப்'புக்கு, இன்னொரு சிக்கல். ஆசனவாயின் வளையத் தசை இறுக்கமானது. அதற்கு அதிக விறைப்பு தேவை. விறைப்பை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கேள்வித்தாள், உடலுறவு என்றால் பெண்ணுறுப்பில் நுழைப்பது என்று வரையறுத்துவிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறது. அதில் பாஸ் ஆனவர் தன் துணையோடு ஃபெயில் ஆகலாம். "ரிசல்ட் நல்லா இருக்கு சார்" என்று சொல்லும் டாக்டரிடம் அவர் என்ன சொல்வார்?

உச்சம் வேறு நரம்பின் வேலை. ஆண்குறியின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் அந்த நரம்பு அறுவையில் வெட்டுப்படுவதில்லை. விறைப்பே இல்லாவிட்டாலும் உச்சம் வரும் என்பதைக் கேட்டுப் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். விந்து மட்டும் வராது. சுரப்பியும் விந்துப்பைகளும் போய்விட்டன. இரண்டு ஆண்களுக்கு இடையில் விந்து கண்ணுக்குத் தெரியும் ஒரு பதில் மாதிரி இருப்பதால், இந்த இழப்பு டாக்டர் நினைப்பதைவிடப் பெரியதாக இருக்கலாம். சிலருக்கு உச்சத்தின்போது கொஞ்சம் சிறுநீர் கசியும். முன்கூட்டியே பாத்ரூம் போய்வருவது, ஆணுறை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி மூன்றும் உதவும்.

உள்வாங்குபவர் அறுவையில் இழப்பது புராஸ்டேட்டையே. அந்தத் தனிச் சுகம் சிலருக்கு அறவே போகிறது, சிலருக்கு மாறிப்போகிறது. ஆனால் மலக்குடலின் சுவர் அப்படியே இருக்கிறது. சுரப்பி இருந்த இடத்தில் சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள்; அந்தத் தையல் மலக்குடலுக்கு நேர் முன்னால். அது ஆறும்வரை, குறைந்தது ஆறு வாரம், ஆசனவாய் வழியாக எதுவும் கூடாது.

இனி கதிர்வீச்சு. நம் ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைக்கிறது'. முன்பு ஏழெட்டு வாரம் தினமும் போக வேண்டியிருந்தது. இப்போது பலருக்கு 20 முறை, தகுந்த சிலருக்கு 5 முறையில் முடிகிறது. கதிர் எவ்வளவு துல்லியமாக வந்தாலும், சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் மலக்குடலின் முன்சுவர் கொஞ்சம் வாங்கத்தான் செய்யும். முதல் சில வாரம் எரிச்சலும் அவசரமும். அது ஆறிவிடும். பிந்திய விளைவுதான் கவனிக்க வேண்டியது. ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து அங்கே உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. புதிதாக முளைக்கும் குழாய்கள் லேசாக உரசினாலே ரத்தம் கசிகின்றன. சுவர் நெகிழ்வை இழந்து விறைத்துப்போகிறது. மலம் கழிக்க மட்டும் அந்த வழியைப் பயன்படுத்துபவருக்கு இது எப்போதாவது வரும் தொல்லை. உள்வாங்குபவருக்கு வலி, ரத்தம், சில சமயம் அந்த உறவுக்கே முற்றுப்புள்ளி. ரத்தக் கசிவு உள்ள சுவர் வழியாக எச்.ஐ.வி. போன்ற தொற்று ஏறுவதும் சுலபம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கதிர்வீச்சுக்கு முன் புராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஒருவகை ஜெல்லை ஊசியால் செலுத்தி, இரண்டையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பிரித்துவைப்பது. ஆறு மாதத்தில் ஜெல் தானே கரைந்துவிடும். விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. இந்தத் தேவையை நோயாளி சொன்னால்தான் டாக்டருக்கு அது நினைவுக்கு வரும். சென்னை தரமணியில் 2019 முதல் இயங்கும், புரோட்டான் துகள்களால் கதிர்வீச்சு தரும் மையத்தைப் பற்றியும் கேட்பார்கள். கேட்கலாம், ஆனால் அமெரிக்காவில் வழக்கமான கதிரையும் புரோட்டானையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024ல் வந்தபோது, குடல் பிரச்சினையில் வித்தியாசம் தெரியவில்லை.

வெளியிலிருந்து கரண்ட் வைத்தால் சிகிச்சையின்போதும் அதன்பின் இரண்டு மாதமும் உள்வாங்குவதை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். சுரப்பிக்குள்ளேயே அயோடின்-125 விதைகளைப் பதித்துவிடும் முறையில் ஆறு மாதம். அயோடின்-125ன் வீரியம் பாதியாகக் குறைய 60 நாள் ஆகும். சுரப்பிக்கு ஒரு விரற்கடைக்குள் இன்னொருவரின் உறுப்பு வருகிறது என்பதால், இங்கே தடை துணையின் பாதுகாப்புக்கும் சேர்த்து. இதை எந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தருவார்கள்? 'குழந்தைகளை மடியில் உட்காரவைக்காதீர்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கதிர்வீச்சோடு பலருக்கு ஹார்மோன் ஊசியும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் அடியோடு இறங்கும். ஆசையே அற்றுப்போகும், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், தசை கரையும், மார்பு வீங்கும். சில மாதமா சில வருடமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பரவிய நோய்க்கு ஊசிச் செலவைத் தவிர்க்க விரைகளை அகற்றும் வழக்கம் இங்கே உண்டு. செலவு குறைவு, பலனும் அதேதான். திரும்ப வைக்க முடியாது.

இத்தனையும் தெரிந்த டாக்டருக்கும், எதிரில் இருப்பவர் டாப்பா, பாட்டமா (உள்வாங்குபவரா), டபுள் டெக்கரா (இரண்டுமா) என்று தெரியாது. அவர் கேட்க மாட்டார். 1986ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது முதல், இந்த ஆண்களிடம் மருத்துவ உலகம் பேசியதெல்லாம் ஆணுறையும் ரத்தப் பரிசோதனையும்தான். 60 வயதில் அவர்களுக்கும் புராஸ்டேட் இருக்கும் என்பதை அந்தப் பேச்சு மறந்துவிட்டது என்பது என் மனக்குறை. ஆக, நோயாளிதான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. "டாக்டர், என் துணை ஒரு ஆண். நான் உள்வாங்குபவன். அதை வைத்து எனக்கு எது சரின்னு சொல்லுங்க." இவ்வளவு போதும். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கீழ் ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம் என்ற நிலை 2018ல் போய்விட்டது. டாக்டர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். "அதையும் மாத்திடலாம்" என்று ஆரம்பிக்கும் டாக்டரை விட்டு எழுந்துவரலாம். ஒருவரின் பாலீர்ப்பை அப்படி மாற்ற முயல்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே அறிவித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் "அட்டெண்டர் யாரு, ரிலேஷன் என்ன?" என்று கேட்கும்போது தயங்க வேண்டாம். சுயநினைவோடு இருப்பவருக்குச் சட்டப்படி தேவை அவருடைய சொந்தக் கையெழுத்துதான். அட்டெண்டராக இருக்க ரத்த சொந்தம் வேண்டியதில்லை.

கூடவே உட்கார்ந்திருக்கும் அந்தத் துணைக்கும் ஒரு புராஸ்டேட் இருக்கிறது. இது தொற்றும் நோய் அல்ல; இவருக்கு வந்ததால் அவருக்கு வரும் என்று இல்லை. ஆனால் அவருக்கும் 50 தாண்டியிருந்தாலோ, அவருடைய அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்து 45 ஆகியிருந்தாலோ, தனக்கு பி.எஸ்.ஏ. எடுக்கலாமா என்று அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரக் கணக்கு அவருக்கும் பொருந்தும்.