மாமூல்: வழக்கம் கையூட்டான கதை

‘மாமூல்’ அரபுச் சொல். அரபியில் ‘அமல்’ என்றால் செயல். அதே வேரிலிருந்து வந்த ‘மஃமூல்’ என்றால் செய்யப்பட்டது, நடைமுறையில் இருப்பது. பாரசீகம், உருது வழியாகக் கச்சேரி மொழியில், அதாவது அந்தக் கால அரசு அலுவலக மொழியில், புகுந்து தமிழுக்கு வந்தது. தாசில்தார், ஜமாபந்தி, வசூல் எல்லாம் வந்த அதே பாதைதான். சட்டத்தை ‘அமல்’படுத்துகிறோம் என்கிறோமே, அதற்கும் இதே வேர். அமலாக்கத்துறையும் மாமூலும் பங்காளிகள் என்றால் இரு தரப்பும் கோபித்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் இந்தச் சொல்லில் எந்தக் கறையும் இல்லை. ‘கனமழையால் மாமூல் வாழ்க்கை பாதிப்பு’ என்று எழுதும்போது அந்தப் பழைய பொருள்தான் வருகிறது: வழக்கமான, எப்போதும் போல. அதிகாரிக்கு வழக்கமாகத் தரும் காணிக்கையும் மாமூல் என்றே குறிக்கப்பட்டு, நாளடைவில் அந்தப் பொருளே முன்னுக்கு வந்துவிட்டது. இன்று ‘மாமூல் வாங்கினார்’ என்றால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள்.

அப்படியானால் மாமூலும் லஞ்சமும் ஒன்றா? இல்லை. லஞ்சம் ஒரு வேலைக்கு. பட்டா மாற்ற, கோப்பை நகர்த்த என்று ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்டு, பேரம் பேசி வாங்குவது. மாமூல் காலத்துக்கு. நடைபாதைக் கடைக்காரர் மாதாமாதம் கொடுப்பது எந்த வேலையும் நடக்க அல்ல, கடையை அப்படியே விட்டுவைக்க. யாரும் கேட்பதில்லை, பேரமும் இல்லை. போன மாதம் கொடுத்ததுதான் இந்த மாதமும். பழைய அதிகாரி மாற்றலாகிப் போனாலும் நாற்காலியோடு சேர்ந்து மாமூல் புதியவருக்குக் கைமாறும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் ‘இங்க எல்லாம் மாமூல்தான் சார்’ என்று சொல்லிவிட்டால் போதும், அவர் கூச்சம் பாதி போய்விடும். தப்பை ‘வழக்கம்’ என்றே கூப்பிடுவதால் வரும் வசதி இது.

சட்டத்துக்கும் இதனால் தலைவலி. லஞ்ச வழக்கில் கேட்டதையும் வாங்கியதையும் நிரூபிக்க வேண்டும், மாமூலில் கேட்பதே கிடையாது. நேரடிச் சாட்சியம் இல்லாவிட்டாலும் சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்து நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் ‘வழக்கமாக’ வாங்குவதை 13ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வைத்து, கூடுதல் தண்டனையும் சொன்னது. 2018 திருத்தத்தில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். எனக்கென்னவோ அது இருந்திருக்கலாம் என்றுதான் படுகிறது. சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் இன்னும் தெளிவு. ‘எங்கள் தொழிலில் இது வழக்கம்’ என்ற சாட்சியத்தையே நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. தனியார் நிறுவனத்துக் கொள்முதல் மேலாளர் வாங்கும் கமிஷனும் அந்தச் சட்டத்தில் சிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? லஞ்சமே வடமொழி வழி வந்தது. லகரம் தமிழில் சொல்லின் முதலில் வராது என்பதால் ‘இலஞ்சம்’ என்று எழுதுவோரும் உண்டு, இலங்கையில் அதுவே வழக்கு. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் ‘பரிதானம்’ வரும், இப்போது அது புழக்கத்தில் இல்லை. கை, ஊட்டு சேர்ந்த ‘கையூட்டு’ நல்ல சொல். ஆனால் மாதாமாதம் என்ற பொருள் அதில் இல்லாததால் ‘வாடிக்கைக் கையூட்டு’ என்றால் மாமூலுக்குக் கிட்டத்தட்ட பொருந்தும். பழைய, கறையில்லாத பொருளுக்கு ‘வழக்கமான’, ‘இயல்பு’ போதும். ரவுடி கத்தியைக் காட்டி வாங்கும் ‘மாமூல்’ மட்டும் இந்த இரண்டிலும் சேராது. ‘மாமூல் தகராறில் கடைக்காரருக்கு வெட்டு’ என்று தலைப்புப் போட்டால் கடைக்காரரும் ஏதோ கணக்கில் பாக்கி வைத்தவர் போல ஆகிவிடுகிறார். அங்கே ‘பணம் பறிப்பு’ என்றே எழுதலாம்.