பூர்ஹவுஸ்: தமிழில் என்ன சொல்வது?

அமெரிக்காவின் தென் மிச்சிகனில் கோல்ட்வாட்டர் என்றொரு சிற்றூர். 1911-இல் செய்த 110-ஆம் எண் நீராவி எஞ்சின் ஒன்று அங்கே சுற்றுலா ரயிலை இழுக்கிறது. பக்கத்துக் கவுண்டியான (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஹில்ஸ்டேலில், உருண்டைக் கற்களால் கட்டிய பழைய வீடு ஒன்றையும் பேணி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பூர்ஹவுஸ், கதியற்ற ஏழைகளைப் பொதுச்செலவில் தங்கவைத்த வீடு. முன்னதைப் 'பாரம்பரிய ரயில்' என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். பின்னதற்குத்தான் நாக்கு தடுமாறுகிறது. 'அன்னசத்திரம்' என்று எழுதக் கை போகும். போகக்கூடாது என்பது என் கட்சி.

'பூர்' லத்தீன் 'பாப்பர்' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வறியவர் என்று பொருள். 'ஹவுஸ்' ஜெர்மானிய வழிச் சொல். ஏழை வீடு, அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் நடந்தது சொல்லில் இல்லை.

இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பை அந்தந்தத் திருச்சபை வட்டாரத்தின் தலையில் வைத்தது. செலவுக்கு உள்ளூர் வரி. வரி கட்டியவர்கள் முணுமுணுத்தார்கள். 1834-இல் சட்டம் கடுமையானது. ஏழைகளைத் தங்கவைக்கும் வீட்டுக்குள்ளே கிடைக்கும் வாழ்வு, வெளியே கடைநிலைக் கூலிக்காரன் வாழும் வாழ்வைவிட மோசமாக இருக்கவேண்டும் என்பதே கொள்கை. அப்போதுதான் வேறு வழியற்றவர் மட்டும் வருவார்களாம். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். கல்லுடைப்பது, பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுப்பது என்று வேலை. ஆண்டோவரில் உரத்துக்காக எலும்பு இடிக்க வைக்கப்பட்டவர்கள், பசி தாளாமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றது 1845-இல் அம்பலமாகி நாடே அதிர்ந்தது. இவ்வகை வீட்டை அங்கே 'வொர்க்ஹவுஸ்' என்றார்கள். ஸ்காட்லாந்தில் உடல் வலுவுள்ளவர்களுக்கு உதவி பெறும் உரிமையே இல்லை. முதியவரும் நோயாளிகளுமே வந்ததால் அங்கே 'பூர்ஹவுஸ்' என்ற பெயர் நின்றது.

அமெரிக்காவில் இன்னொரு கொடுமை முந்தியது. ஏழைகளை ஏலம் விடுவார்கள். 'குறைந்த தொகைக்கு நான் சோறு போடுகிறேன்' என்பவர் வீட்டுக்கு அனுப்பி வேலை வாங்குவார்கள். இதற்கு மாற்றாகத்தான் நியூயார்க் மாநிலம் 1824-இல் கவுண்டிதோறும் பூர்ஹவுஸ் அமைக்கச் சட்டம் செய்தது. பல இடங்களில் பண்ணையும் சேர்ந்திருந்ததால் 'பூர் ஃபார்ம்' என்றும் பெயர். பெற்ற பிள்ளைகள் கைவிட்டு அங்கே நடந்துபோகும் தாயைப் பற்றி ஹில்ஸ்டேலில் படித்த வில் கார்ல்டன் 1871-இல் எழுதிய கவிதை, அந்தச் சொல்லையே முதுமையின் அச்சமாக்கிவிட்டது.

இனி தமிழ். 'சத்திரம்' வடமொழி 'சத்ர' என்பதன் வழி வந்தது. வேள்வியும் கொடையும் அதன் பின்னணி. சத்திரத்தில் உண்டவன் எழுந்து போகலாம், யாரும் கல்லுடைக்கச் சொல்வதில்லை. 'கஞ்சித்தொட்டி' சற்று நெருங்கி வருகிறது. 1782 பஞ்சத்தில் சென்னையில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தை மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைப் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பதும் அதனால்தான். ஆனாலும் அது பசிக்கான சொல், அடைப்புக்கான சொல் அல்ல.

எனக்குப் பிடித்தது 'கோட்டம்'. மணிமேகலையில் ஒரு காதையின் பெயர் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை'. சிறைக்கும் அறத்துக்கும் ஒரே சொல் இடம் தருகிறது. அறக்கோட்டம் என்று தொடங்கிச் சிறைக்கோட்டமாகப் போன பூர்ஹவுஸுக்கு 'வறியோர் கோட்டம்' பொருந்தும். வொர்க்ஹவுஸுக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம், 'வேலைக்கொட்டடி' போதும்.

'கோட்டம்' என்றால் வருவாய்க் கோட்டம் அல்லவா நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டுமே. நடத்தியது கவுண்டி நிர்வாகம்தானே.