ஒரு ஆட்டுக்கு எத்தனை கிலோ மாவு?

கென்யாவின் வடக்கே மார்சபிட் பகுதியில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த நாட்களில், காலநிலை மாற்றம் என்ற சொல்லை அலுவலகக் கூட்டங்களில்தான் கேட்டிருக்கிறேன். ஆட்டுச் சந்தையில் கேட்ட பேச்சு வேறு: "இன்றைக்கு ஒரு ஆட்டுக்கு எத்தனை கிலோ மாவு?"

மாவு என்றால் மக்காச்சோள மாவு. அதைக் கிண்டிச் செய்யும் உகாலி, நம் களிக்குப் பங்காளி. ஆடு மாடு ஒட்டகம் என்று மந்தை வைத்திருப்பவர்கள் தினமும் கறி சாப்பிடுவார்கள் என்றுதான் ஊரிலிருந்து கிளம்பும்போது நானும் நினைத்தேன். அப்படியில்லை. பாலைக் குடிப்பார்கள், ஆட்டை விற்று மாவு வாங்குவார்கள். கறி விசேஷத்துக்குத்தான்.

இந்தச் சந்தைக் கணக்கை அரசும் எழுதி வைக்கிறது. கென்யாவின் தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் வறண்ட மாவட்டங்களுக்கு மாதாமாதம் அறிக்கை வெளியிடுகிறது. மழை எவ்வளவு, மேய்ச்சல் எவ்வளவு பச்சை என்பதோடு அது நிற்காது. தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், ஒரு வீட்டில் எத்தனை லிட்டர் பால், ஆட்டை விற்றால் எத்தனை கிலோ மக்காச்சோளம், சிறு குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவு எவ்வளவு என்பதும் இருக்கும். வெப்பநிலை வரைபடத்தைவிட இந்த நான்கையும்தான் நான் முதலில் புரட்டுவேன்.

அங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று. 2020 அக்டோபரில் தொடங்கி 2022 டிசம்பர் வரை ஐந்து பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன. 2021 செப்டம்பரில் வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்கள். அதற்கு அப்புறமும் மூன்று பருவம் ஏமாற்றியது. கென்யாவில் மட்டும் 25 லட்சம் கால்நடைகளுக்குக் குறையாமல் செத்தன. புவி சூடாகாமல் இருந்திருந்தால் இந்த அளவு வறட்சி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100 மடங்கு குறைவு என்று 2023 ஏப்ரலில் விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. மழை குறைந்தது மட்டும் காரணமில்லை. பெய்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் கூடிப்போன சூடு மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் உறிஞ்சிவிட்டது. இத்தனைக்கும் உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சேர்த்தே 4 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான்.

வறட்சி என்பது போரானா, கப்ரா, ரெண்டில்லே மக்களுக்குப் புதிதல்ல. தலைமுறை தலைமுறையாகச் சமாளித்தவர்கள். மாறியிருப்பது ஒரு வறட்சிக்கும் அடுத்த வறட்சிக்கும் நடுவிலான இடைவெளி. வெள்ளாடு சினையாகி ஐந்து மாதத்தில் குட்டி போட்டுவிடும். மாட்டுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதம், பிறக்கும் கிடேரி அந்த மண்ணில் வளர்ந்து தலைக்கன்று ஈன ஏறக்குறைய நான்கு வயதாகும். ஒட்டகத்துக்குச் சினைக்காலமே 13 மாதம். ஐம்பது மாடு பத்தாகிப் போன ஒருவர் பழைய மந்தையைக் கண்ணால் பார்க்கப் பத்தாண்டுகூட ஆகலாம். வறட்சி வந்த ஆண்டுகளோ 2005-06, 2010-11, 2016-17, அப்புறம் 2020 முதல் 2023. நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் இது எப்படி நுழைகிறது என்பதை ஒரு தேநீர்க் குவளையில் பார்த்தேன். நான் அடிக்கடி போகும் குடியிருப்பில் ஒரு பெரியம்மா இருந்தார். முதல் முறை போனபோது கறுப்புத் தேநீர் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக. சுவாஹிலியில் அதற்குச் 'சாய் யா ரங்கி' என்று பெயர். கொடுத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பால் இல்லாத தேநீரை விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்று வருத்தப்பட்டாராம்.

பால் எங்கே போயிற்று என்றால், ஃபோராவுக்கு. மேய்ச்சல் தீர்ந்ததும் பையன்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு தொலைவில் பட்டி போட்டுத் தங்குவார்கள். அதுதான் ஃபோரா. ராமநாதபுரம் பக்கம் கீதாரிகள் கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களே, கிட்டத்தட்ட அதுபோல. வறட்சி முற்ற முற்ற ஃபோரா இன்னும் தூரமாகப் போகும், திரும்பி வர இன்னும் தாமதமாகும். பால் கொடுக்கும் மாடும் கூடவே போய்விடும். வீட்டில் மிஞ்சுவது பாட்டி, தாய், கைக்குழந்தைகள், மஞ்சள் தண்ணீர்க் கேன்கள். அடுத்த வரிசையில் நிற்பது செவிலியர். குழந்தையின் மேல்கையில் நாடாவைச் சுற்றி, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, என்று குறித்துக்கொள்வார். என் துறையும் அவர் துறையும் வேறு வேறு என்று படிக்கும்போது நினைத்திருந்தேன். அங்கே ஒரே கதையின் முன்பாதியை நான் பார்த்தேன், பின்பாதியை அவர் பார்த்தார்.

சரி, ஆடு தேறியிருக்கும்போதே விற்றுவிட்டால் என்ன? அந்தப் பெரியம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். எலும்பு தெரிந்தபின் எல்லோரும் ஒரே சந்தைக்கு ஓட்டி வருவார்கள், விலை விழும், அதே நேரம் விவசாயியின் சோளமும் கருகி மாவு விலை ஏறும், இப்போதே நான்கை விற்று மாவாக மாற்றி வையுங்கள் என்று. அவர் சிரித்தார். "விற்றபிறகு மழை வந்துவிட்டால் டாக்டர் எனக்கு நான்கு ஆடு தருவாரா?" என்னிடம் பதில் இல்லை. மருந்துப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மழை வரவில்லை. சில மாதம் கழித்துப் போனபோது, விடிந்ததும் நான்கு பேர் சேர்ந்து படுத்துவிட்ட மாட்டை வாலையும் கொம்பையும் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நின்றால் கொஞ்ச தூரம் நடக்கும், மறுநாள் காலையில் மறுபடி தூக்க வேண்டும். தீவன லாரி வந்தது அந்த வாரத்தில்தான். பட்டினி கிடந்த மாட்டின் முன்வயிற்றில் செரிமானத்துக்கான நுண்ணுயிர்கள் குறைந்துபோயிருக்கும். திடீரென்று அடர்தீவனத்தை அள்ளி வைத்தால் வயிறு அமிலமாகிச் செத்தே போகும். வந்த தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று சொல்வதே அன்று என் வேலையாக இருந்தது. உதவி செய்பவர்களிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கி உண்டென்றால் இதுதான். பணம் இல்லாமல் இல்லை, ஆறு மாதம் பிந்தி வருகிறது.

இதை மாற்றும் முயற்சி ஒன்று மார்சபிட்டிலேயே 2010-ல் தொடங்கியது: மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோளால் அளந்து, அது குறைந்தால் பணம் தரும் கால்நடைக் காப்பீடு. முதலில் மாடு செத்த இழப்புக்கு ஈடு என்ற கணக்கில்தான் தந்தார்கள். பிறகு, சாகும் முன்பே தீவனமும் தண்ணீரும் வாங்கிக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே தருவதாக மாற்றினார்கள். நல்ல திருத்தம். ஆனால் செயற்கைக்கோளுக்குப் பச்சை தெரியும், ஆடு தின்னும் பச்சையா என்பது தெரியாது. கென்யாவின் வறண்ட நிலங்களில் 'மதெங்கே' என்றொரு முள்மரம் பரவிக் கிடக்கிறது. எந்த வறட்சியிலும் பச்சையாக நிற்கும். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நம் சீமைக்கருவேலமேதான்! வேறு வழியில்லாமல் அதன் இனிப்புக் காய்களையே தின்று ஆடுகளுக்குப் பல் சொத்தையாகி உதிர்கிறது. 2006-ல் பரிங்கோ பகுதி மக்கள் பல்லில்லாத ஆடு ஒன்றை நைரோபி நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள்.

பலர் ஒட்டகத்துக்கு மாறிவருகிறார்கள், மாட்டையே உயிராக நினைத்த சம்புரு மக்கள்கூட. ஒட்டகம் வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாங்கும், மரத்தழையைத் தின்று வறட்சியிலும் பால் தரும். ஆனால் விலை அதிகம், எல்லோராலும் முடியாது.

கடைசியில் 2023-ல் மழை வந்தது. இளைத்துக் கிடந்த ஆடுகளுக்கு ஈரக்குளிர் தாங்கவில்லை. ஒரே இரவு மழையில் பட்டி பட்டியாக விறைத்துச் செத்தன. தப்பியவற்றில் சில, இளம்புல்லை ஆவலாக மேய்ந்து துள்ளுமாரி என்ற குடல்நோயில் போயின. அளவுக்கு மீறிய மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. தாழ்நிலங்களில் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும் கொசு முட்டைகள் வெள்ளம் நின்றதும் பொரிந்து, ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலைப் பரப்பும். செம்மறிகள் கூட்டமாகச் சினை கலைந்து குட்டி வீசும், வீசிய குட்டியைத் தொட்டவருக்கும் தொற்றும். 1997-98-லும் 2006-07-லும் கரிசா பகுதியில் அப்படித்தான் நடந்தது. வறட்சி முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட மாதங்களில் எங்கள் கைபேசிகள் ஓயவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் விடைபெறப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவரிடம் மூன்று ஆடு மிஞ்சியிருந்தது, மூன்றும் சினை. தேநீர் வந்தது, இந்த முறை பாலோடு. ஒட்டகப் பால், புகை காட்டிய குடுவையில் வைத்த மணத்தோடு. நான் ஒரு வாய் குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பால் பக்கத்துக் குடிசையில் கேட்டு வாங்கியது என்பதைத் திரும்பி வரும் வழியில்தான் மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.