ரத்தத்துல ஆன்டிஆக்சிடன்ட் டெஸ்ட்: அந்த நம்பர் எதை அளக்குது?

"ஆன்டிஆக்சிடன்ட் கம்மியா இருக்கு"ன்னு ஒரு ரிப்போர்ட் வந்தா நிறைய பேர் உடனே வைட்டமின் மாத்திரைய தேட ஆரம்பிச்சிடறாங்க. அதுக்கு முன்னாடி, அந்த நம்பரை எந்த டெஸ்ட்ல எடுத்தாங்கன்னு ஒரு தடவை பாத்துக்கறது நல்லது.

ஆன்டிஆக்சிடன்ட்னா ஆக்சிஜனால வர்ற சேதாரத்த தடுக்குற பொருள், அதனால மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். நம்ம மூச்சுல இழுக்குற ஆக்சிஜன்ல பெரும்பகுதி செல்லுக்கு சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கு போயி, அங்க நாலு எலக்ட்ரான வாங்கிக்கிட்டு தண்ணியா மாறிடும். ஆனா நடுவுல ஒரே ஒரு எலக்ட்ரான மட்டும் வாங்கிட்டு கழண்டுக்கறதும் கொஞ்சம் உண்டு, அதுதான் சூப்பர்ஆக்சைடு. இதை ஹைட்ரஜன் பெராக்சைடா மாத்துறதுக்குன்னே ஒரு என்சைம் இருக்குன்னு 1969ல மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடிச்சாங்க, அந்த பெராக்சைடை கேட்டலேஸும் குளுடாதயோன் பெராக்சிடேஸும் தண்ணியாக்கிடும். இதுக்கு நடுவுல கட்டுப்பாடில்லாம சுத்துற இரும்பு கெடச்சுதுன்னா பெராக்சைடு ஹைட்ராக்சில் ராடிக்கலா, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோட அலையுற துடிப்பான மூலக்கூறா மாறிடும், அது பக்கத்துல கொழுப்பு, புரதம், டிஎன்ஏன்னு எது இருந்தாலும் அடிக்கும், அதை புடிச்சு அடக்க நம்மகிட்ட என்சைமே கிடையாது.

அதுக்காக இதெல்லாம் வெறும் விஷம்னு நெனச்சிட வேணாம். நம்ம வெள்ளை அணுக்கள் கிருமிய கொல்றதுக்கு சூப்பர்ஆக்சைடை வேணும்னே தயாரிக்குது, பிறவியிலேயே அதை தயாரிக்கிற என்சைம் வேலை செய்யாதவங்களுக்கு திரும்பத் திரும்ப மோசமான தொற்று வரும். அதனால பிரச்சனை எப்பவும் அளவுலதான். உற்பத்தி, சமாளிக்கிற சக்திய தாண்டிப் போற இந்த நிலைக்கு ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு 1985ல ஹெல்முட் சீஸ் விளக்கம் குடுத்தார்.

சரி, இதை ரத்தத்துல எப்படி அளக்கறது? ராடிக்கலை சாதாரண லேப்ல நேரடியா அளக்க வழியில்ல, ரத்தம் எடுத்து லேபுக்கு போறதுக்குள்ள எப்பவோ காணாம போயிருக்கும். அதனால அது விட்டுட்டு போன சேதாரத்த தேடறாங்க. டிஎன்ஏ அடிவாங்கினா அதோட ஒரு துண்டு யூரின்ல வரும், புரதம் அடிவாங்கினா கார்போனைல் கூடும், கொழுப்பு அடிவாங்கினா மலோன்டைஆல்டிஹைடு வரும். கடைசியா சொன்னதுதான் ரொம்ப பிரபலம், காரணம் அது சீப். சீரத்தோட தயோபார்பிட்யூரிக் ஆசிட் சேத்து 95 டிகிரி பக்கத்துல சூடாக்கினா பிங்க் கலர் வரும், அந்த கலர 532 நானோமீட்டர்ல படிச்சா முடிஞ்சது. என்ன கஷ்டம்னா, அப்படி சூடாக்கும்போதே டியூப்ல இருக்குற கொழுப்பு புதுசா ஆக்சிடைஸ் ஆகும், மத்த ஆல்டிஹைடுங்களும் கலர் குடுக்கும், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடஞ்சிருந்தா அதுவும் கணக்க கெடுக்கும். இன்னொன்னு, சுகர், ஹார்ட், கிட்னின்னு பல வியாதில இந்த நம்பர் ஏறுது. அதனால "ஏதோ சேதாரம் இருக்கு"ங்கறத தாண்டி அது எதுவும் சொல்லாது. கொழுப்பு அடிவாங்கும்போது உருவாகுற இன்னொரு வகையான ஐசோபுரோஸ்டேன்கள் இதைவிட எவ்வளவோ நம்பகமானது, ஆனா அதுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும், சாம்பிளை மைனஸ் 80 டிகிரில வெக்கணும், இல்லன்னா அதுவும் டியூப்லயே தானா உருவாகும்.

எனக்கு இதுல ரொம்ப புடிச்ச வேடிக்கை டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட் டெஸ்ட்தான். பிளாஸ்மா எவ்வளவு ராடிக்கல தாங்கும்னு மொத்தமா ஒரே நம்பர்ல சொல்லும், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நிறைய முறைகள்ல அந்த நம்பர்ல பெரிய பங்கு யூரிக் ஆசிடோடது. கிட்னி வேலை செய்யாம யூரிக் ஆசிட் தேங்கிக் கெடக்குற நோயாளிக்கு இந்த டெஸ்ட்ல ஸ்கோர் அமோகமா வரும், டயாலிசிஸ் பண்ணினதும் எறங்கும். அவர் டயாலிசிஸுக்கு முன்னாடிதான் ஆரோக்கியமா இருந்தாரான்னு கேட்டா யாருக்குமே சிரிப்புதான் வரும்.

மாத்திரை கதை இதைவிட மோசம். ஃபின்லாந்துல 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்கள வெச்சு நடத்தின ஆய்வோட முடிவு 1994ல வந்துச்சு, பீட்டா கரோட்டீன்ங்கற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடுதலா இருந்துச்சு. 1996ல வந்த அமெரிக்க ஆய்வுல, பீட்டா கரோட்டீனோட வைட்டமின் ஏவும் சேத்து குடுத்தப்போ, 28 சதவீதம் கூடுதல். ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் வியாதிக்கு காரணமா, இல்ல வியாதியால வர்ற விளைவான்னு பல எடத்துல இன்னும் பிரிச்சு பாக்க முடியல, ரெண்டுமா இருக்கவும் நெறைய வாய்ப்பு இருக்கு. விளைவா இருந்தா மாத்திரை போட்டு நம்பரை ஏத்தி எறக்கறதுல என்ன பிரயோஜனம்.

தெளிவா பதில் சொல்ற டெஸ்டும் இல்லாம இல்ல. ஜி6பிடி என்சைம் அதுல ஒண்ணு. சிவப்பணுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, தன்னோட முக்கிய ஆன்டிஆக்சிடன்டான குளுடாதயோனை ரீசார்ஜ் பண்ண அது இந்த என்சைமைத்தான் நம்பியிருக்கு. பிறவியிலேயே இது கம்மியா இருக்குறவங்க மலேரியாவுக்கு பிரைமாகுவின் சாப்பிட்டா சிவப்பணு உடைய ஆரம்பிக்கும், அதனால மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுக்கறாங்க. ஆனா ரத்தம் உடஞ்சிட்டிருக்கும்போதே எடுத்தா இதுவும் ஏமாத்தும், என்சைம் தீந்துபோன பழைய அணுவெல்லாம் அழிஞ்சு புதுசு மட்டும் மிஞ்சியிருக்கும், புதுசுல என்சைம் அதிகம், ரிசல்ட் நார்மல்னு வந்துடும். சந்தேகம் இருந்தா சுமார் மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுப்பாங்க.