கைக்குழந்தையின் மூச்சுக்குழலில் ஆர்எஸ்வி செய்யும் வேலை

பெரியவர்களுக்கு மூக்கொழுகலும் தும்மலுமாக வந்துபோகும் சளி, அதே வீட்டின் இரண்டு மாதக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைக்கும் அளவுக்கு முற்றிவிடுவதுண்டு. இருவரையும் தொற்றியது பெரும்பாலும் ஒரே வைரஸாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட வைரஸ்களில் முக்கியமானது ஆர்எஸ்வி, அதாவது ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ். 1956-இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோது அது முதலில் அகப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ராபர்ட் சானாக்கின் குழுவினர் பால்டிமோர் நகரக் குழந்தைகளிடம் அதைக் கண்டார்கள். 2019-இல் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேர் இதனால் இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஆறு மாதம்கூட நிறையாதவர்கள். நூற்றுக்கு 97 இறப்புகள் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நேர்ந்தவை.

மூக்கில் நுழையும் வைரஸ் சில நாட்களில் நுரையீரலின் நுண்குழல்களுக்கு இறங்குகிறது. அங்கே அது பிடிப்பது, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் கொண்ட செல்களை. தொற்றிய செல்கள் கூப்பாடு போட, ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில்கள், திரண்டு வருகின்றன. குழலின் சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது. உதிர்ந்த செல்களும் செத்த வெள்ளணுக்களும் அந்தச் சளியோடு சேர்ந்து கெட்டியான அடைப்பாகின்றன. தள்ளிவிட வேண்டிய நுண்மயிர்களோ ஏற்கெனவே அழிந்துவிட்டன. அழற்சி என்று நாம் சொல்வது இவை அத்தனையும் சேர்ந்ததுதான்.

இதே வீக்கம் பெரியவர்களுக்கும் வரும். ஆனால் குழலின் ஆரம் குறையக் குறைய, காற்றோட்டத்துக்கான தடை அந்த ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகக் கூடுகிறது. ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்கு. பெரியவரின் அகன்ற குழலில் அரை மில்லிமீட்டர் வீக்கம் பொருட்டே இல்லை. குழந்தையின் நுண்குழலில் அதுவே கதவடைப்பு. போதாததற்கு, ஒரு குழல் அடைபட்டால் பக்கத்துக் காற்றறையிலிருந்து காற்று வந்துசேரும் மாற்றுவழிகளும் அந்த வயதில் சரியாக வளர்ந்திருப்பதில்லை.

நம் ஊரில் நெஞ்சில் சத்தம் கேட்டதுமே நெபுலைசரை எதிர்பார்க்கும் பழக்கம் இருக்கிறது. ஆஸ்துமாவில் குழலைச் சுற்றிய தசை இறுகுகிறது. நெபுலைசரில் வைக்கும் சால்புடமால் என்ற மருந்து அதைத் தளர்த்துகிறது. ஆர்எஸ்வியில் அடைப்பது பெரும்பாலும் வீக்கமும் குப்பையும். தளர்த்துவதற்குத் தசையிறுக்கம் அதிகம் இல்லை. அழற்சி என்றால் ஸ்டீராய்டு கேட்குமே என்று தோன்றும். பல சோதனைகளில் பயனில்லை என்றே தெரிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2014 வழிகாட்டுதல் இரண்டையுமே வேண்டாம் என்கிறது. மூக்கைச் சுத்தம் செய்வது, நீர்ச்சத்து, தேவைப்பட்டால் ஆக்ஸிஜன்: சிகிச்சை இவ்வளவுதான். பால் குடிக்கத் திணறுவது, விலாவுக்குக் கீழே உள்வாங்குவது, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சுவிடுவது, இடையிடையே மூச்சு நின்று நின்று வருவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிகுறிகள்.

தடுப்பூசி போட்டுவிட்டால் தீருமே என்று 1966-இல் அமெரிக்காவில் முயன்றார்கள். ஃபார்மலின் கலந்து கொன்ற வைரஸ் அது. வாஷிங்டன் சோதனையில் 31 குழந்தைகள் அதைப் பெற்றார்கள். பின்பு ஆர்எஸ்வி தொற்றிய 20 பேரில் 16 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். அதைப் பெறாத ஒப்பீட்டுக் குழுவில் தொற்றிய 21 பேரில் சேர்க்கப்பட்டவர் ஒருவர் மட்டுமே. தடுப்பூசியே நோயை முற்றவைத்திருந்தது.

காரணம் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. வைரஸ் செல்லுக்குள் புக உதவும் எஃப் புரதம், புகுவதற்கு முன் குட்டையான குமிழாக இருக்கிறது. புகும்போது நீண்ட வேறொரு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஃபார்மலின் பட்ட வைரஸில் எஞ்சியது மாறிய வடிவம்தான். அதைப் பார்த்துக் குழந்தையின் உடல் உருவாக்கிய ஆன்டிபாடிகள் வைரஸில் ஒட்டின, ஆனால் தடுக்கவில்லை. ஒட்டிய கொத்துகள் நுரையீரலில் படிந்து, ஒவ்வாமையை ஒத்த அழற்சியை மேலும் தூண்டின. வைரஸை முடக்காத எதிர்ப்பு, எதிர்ப்பே இல்லாததைவிட மோசம் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கசப்பான சான்று அரிது.

2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் ஆகியோரின் குழு மாறுவதற்கு முந்தைய குமிழ் வடிவத்தைப் படம்பிடித்து, அதை அப்படியே நிலைநிறுத்தியது. அந்த வடிவத்தைக் கொண்ட தடுப்பூசிக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது போடப்படுவது கர்ப்பிணிக்கு. தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சேர்கின்றன. அதே ஆண்டு அங்கே அனுமதி பெற்ற நிர்செவிமாப், அக்குமிழின் உச்சியைப் பிடிக்கும் ஆயத்த ஆன்டிபாடி. குழந்தைக்கே போடும் ஓர் ஊசி ஐந்து மாதங்களுக்காவது காக்கும். இரண்டு வழிகளும் குழந்தையின் முதிராத நோயெதிர்ப்பு அமைப்பிடம் எந்த வேலையும் வாங்குவதில்லை. கைக்குழந்தைக்கே நேரடியாகத் தடுப்பூசி போடும் முயற்சி இன்னும் கைகூடவில்லை. 2024-இல் ஓர் எம்ஆர்என்ஏ தடுப்பூசிச் சோதனையில், ஊசி பெற்ற குழந்தைகளிடம் கடுமையான நோய் கூடுதலாகத் தென்பட்டது. 1966-ஐ மறக்காத ஆய்வாளர்கள் அதை அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.