ரிமோட் மானிட்டரிங், கண்ட்ரோல்: தமிழில் எப்படிச் சொல்வது?

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மோட்டார் கொட்டாய்களில் ஸ்டார்ட்டரை ஒட்டி சிம் கார்டு போட்ட பெட்டி ஒன்றை இப்போது நிறையப் பார்க்கலாம். அதன் மேல் 'ரிமோட் மானிட்டரிங் அண்ட் கண்ட்ரோல்' என்று எழுதியிருக்கும், ஊரில் செல் ஸ்டார்ட்டர் என்றால் போதும். த்ரீ பேஸ் கரண்ட் நடுராத்திரியில் வந்தாலும் டார்ச் எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓட வேண்டாம், படுத்த இடத்திலிருந்தே போன் போட்டால் மோட்டார் ஓடும். ஆனால் அந்த நீளமான பெயருக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன, வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

ரிமோட் என்பது லத்தீனிலிருந்து வந்தது, 'அப்பால் நகர்த்தப்பட்டது' என்று பொருள். மானிட்டர் என்பதற்கும் லத்தீன்தான் வேர், அங்கே அது 'எச்சரிக்கிறவர்'. கண்ட்ரோலின் கதை இன்னும் சுவையானது: கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ப்பிரதிச் சுருளுக்குத்தான் முதலில் அந்தப் பெயர், அதிலிருந்து சரிபார்ப்பது, பிறகு அடக்கி நடத்துவது என்று பொருள் விரிந்தது.

தமிழில் மானிட்டரிங்குக்குக் கண்காணிப்பு அப்படியே பொருந்துகிறது. சோழர் கல்வெட்டுகளிலேயே கண்காணி என்ற சொல் மேற்பார்வை பார்க்கிறவரைக் குறிக்க வருகிறது, ஆகவே தொலைக்கண்காணிப்பு என்பதைத் தயங்காமல் எழுதலாம். சிலர் தொலையுணர்வு என்கிறார்கள், அது வேண்டாம், செயற்கைக்கோள் படமெடுக்கும் துறைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

கண்ட்ரோலுக்குத்தான் சிக்கல். பாடநூல்களில் கட்டுப்பாடு என்று போடுகிறார்கள், ஆனால் 'மோட்டார் கட்டுப்பாடு' என்றால் நம் காதில் ஏதோ தடை போட்ட மாதிரி விழுகிறது. போடுவது, நிறுத்துவது இரண்டும் சேர்ந்தது இயக்கம். அதனால் தொலையியக்கம் என்பதே என் தேர்வு.

சரி, இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது என்று வையுங்கள், இதற்கு டிரை ரன் என்று பெயர். தண்ணீரோடு 14 ஆம்பியர் இழுத்த மோட்டார் 8, 9 என்று இறங்கும். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், போனிலும் 'ஆன்' என்றே வரும், ஆனால் சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான், அது இல்லாவிட்டால் சூடேறிக் கெட்டுப்போகும். ஒரு பேஸ் விட்டுப்போனால், அதாவது சிங்கிள் பேஸ் கோளாறு என்றால், இதற்கு நேர்மாறு, மீதி இரண்டு பேஸிலும் ஆம்பியர் எகிறி மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரியும். போட்டு நிறுத்த மட்டும் தெரிந்த பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது, அது வெறும் தொலையியக்கி. ஆம்பியரையும் வோல்டேஜையும் அளந்து அனுப்பினால்தான் தொலைக்கண்காணிப்பு. அளந்து அனுப்பும் அந்தப் பகுதிக்கு மட்டும் டெலிமெட்ரி என்று தனிப்பெயர் உண்டு. கிரேக்கத்தில் டெலி தொலைவு, மெட்ரான் அளவு, ஆக தமிழில் தொலையளவியல்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிற்கும் காற்றாலைகளிலும் இதே பிரிவுதான், அளவு மட்டும் பெரிது. காற்றின் வேகம், இறக்கையின் கோணம், கியர்பாக்ஸின் சூடு எல்லாம் எங்கோ ஓர் அறையில் திரையில் தெரியும், ஸ்காடா என்பது இந்த ஏற்பாட்டைத்தான். ஆனால் காற்று நொடிக்கு 25 மீட்டர் வாக்கில் அடிக்கும்போது பெரும்பாலான காற்றாலைகள் அந்த அறையிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பதில்லை. கோபுரத்திலேயே உள்ள கருவி இறக்கையைத் திருப்பி நிறுத்திவிடும்.

மோட்டாருக்கும் அதுவே முறை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் டவர் கிடைக்காத இடங்கள் உண்டு. செல் ஸ்டார்ட்டர் வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: 'அண்ணா, சிம் இல்லாட்டியும் டிரை ரன்லயும் சிங்கிள் பேஸ்லயும் தானா டிரிப் ஆகுமா?'