சில்வர் பெயின்ட்டா, சுண்ணாம்பா?

மதுரை தல்லாகுளம் பக்கம் ஓர் அலுவலகத்தில் நிர்வாகத்தைக் கவனிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேல் மாடியில் நாலு ஏசி ஓடியும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தலைக்கு மேலிருந்து அனல் இறங்குகிறது. கரண்ட் பில்லையும் கார்பன் கணக்கையும் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து மெயில் வேறு. மொட்டை மாடிக்கு அடிக்க இரண்டு டின் சில்வர் பெயின்ட் வாங்கியாச்சு. வெள்ளைச் சுண்ணாம்பே போதும் என்கிறார் கொத்தனார். சில்வர்தானே கண்ணாடி மாதிரி பளபளக்கிறது?"

கொத்தனார் சொல்வதுதான் சரி. ஏன் சரி என்பது எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் எல்லோரும் சொல்வதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 75 வாட் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் சொச்சத்தில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் மாட்டுங்கள், ட்யூப் லைட்டை எல்இடி ஆக்குங்கள். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பின்னால் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, அதனால் பில்லில் குறைகிற யூனிட்டை 0.7-ஆல் பெருக்கினால் மெயிலுக்குப் பதில் ரெடி. இதெல்லாம் உள்ளே வந்துவிட்ட சூட்டைச் சிக்கனமாக வெளியேற்றுகிற வேலை. அது உள்ளே வரும் வழி உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது.

மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், கம்பத்தை நட்டால் நிழல் அதன் காலடியிலேயே விழும். அப்புறம் ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. இடைப்பட்ட மாதங்களிலும் நடுப்பகலில் அதிகபட்சம் 13, 14 டிகிரி வடக்கே சாய்வதோடு சரி. ஆக நம்மூர் வெயிலை வாங்குவது சுவரைவிட மொட்டை மாடிதான். தெளிவான உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வந்து விழுகிறது. 1000 சதுர அடி மாடி என்றால் 93 கிலோவாட். சாம்பல் நிற சிமென்ட் தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிக்கொள்ளும். விழுங்கியதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும் என்றாலும், பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினால்கூட 6 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடு 3.5 கிலோவாட், ஆக கிட்டத்தட்ட இரண்டு ஏசி மாடிக்காகவே ஓடுகிறது. தளம் கனமானது என்பதால் பன்னிரண்டு மணிக்கு வாங்கியதை மூன்று, நான்கு மணிக்குத்தான் கீழே கொடுக்கும். நீங்கள் சொன்ன நேரம் அதுதானே?

வெயில் காலத்தில் கோவில் பிராகாரத்தில் வெள்ளை அடித்த பாதையில் நடந்திருப்பீர்கள். கால் ஒரு அங்குலம் விலகிக் கருங்கல்லில் பட்டால் துள்ளிக்கொண்டு திரும்பி வருவோம். இரண்டும் ஒரே கல், ஒரே வெயில், நடுவில் ஒரு பூச்சுதான். வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பது பள்ளிப் பாடம். அப்படியானால் பளபளக்கும் உலோகம் இன்னும் நன்றாகத் திருப்பி அனுப்ப வேண்டாமா என்பதுதான் உங்கள் கேள்வி, நியாயமான கேள்வி.

சில வருடம் முன்பு எனக்குத் தெரிந்தவரின் குடோனுக்கு 'கூலிங் பெயின்ட்' விற்க ஒருவர் வந்திருந்தார். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்தத் துப்பாக்கித் தெர்மாமீட்டரின் அண்ணன் ஒன்று கையில். சாதாரணத் தளத்தில் பிடித்தார், 58. தான் சில்வர் அடித்துக் காட்டிய தகரத்தில் பிடித்தார், 37. "பார்த்தீங்களா சார்!" நான் தகரத்தில் கையை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். அப்புறம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அது தகரத்தின் சூட்டுக்கு வரும் வரை இரண்டு நிமிடம் விட்டு, டேப்பின் மேல் பிடிக்கச் சொன்னேன். 61 காட்டியது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை, அவருடைய கருவிதான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

சூடான பொருள் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். துப்பாக்கி அளப்பது அந்தக் கதிரைத்தான். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே தாராளத்தோடு விடுவதில்லை. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிவதால் வருகிற ஒளியிலும் அகச்சிவப்பிலும் பெரும்பகுதியைத் திருப்பிவிடும், அது சரி. ஆனால் ஓர் அலைநீளத்தை வாங்கத் தெரியாத பொருளுக்கு அதே அலைநீளத்தைக் கொடுக்கவும் தெரியாது. இது 19-ஆம் நூற்றாண்டில் கிர்ச்சாஃப் சொன்ன விதி. சில்வர் பெயின்ட் வெயிலில் கொஞ்சத்தை வாங்கத்தான் செய்கிறது, வாங்கியதைக் கதிராக வெளியே விடத்தான் கஞ்சத்தனம். எனவே உள்ளுக்குள் சூடேறுகிறது. துப்பாக்கிக்கோ கதிர் குறைவாக வருகிறது, கூடவே தகரத்தில் பிரதிபலிக்கும் வானமும் தெரிகிறது, 37 என்று சொல்லிவிடுகிறது.

இப்போது சுண்ணாம்பு. அடித்த பிறகு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது என்று படித்திருப்போம். அதில் உள்ள எலெக்ட்ரான்கள் இறுக்கமாகக் கட்டுண்டவை. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அவற்றை அசைக்கும் தெம்பு இல்லை. ஒளி அந்தப் பொடிப்பொடித் துகள்களில் பட்டுப் பட்டுச் சிதறி வெளியே வந்துவிடும், வெள்ளையாகத் தெரியும். ஆனால் ஒரு கார்பனும் மூன்று ஆக்சிஜனும் சேர்ந்த அந்தக் கார்பனேட் குழுவை ஸ்பிரிங்கில் கோத்த நான்கு உருண்டைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். அது அதிரும். அதிர்வுக்கென்று சொந்த அலைநீளங்கள் உண்டு, 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கம் ஒன்று, 11 மைக்ரானைத் தாண்டியவுடன் இன்னொன்று, இரண்டுமே அகச்சிவப்பு. அந்த வழியாகச் சுண்ணாம்பு தன் சூட்டை அள்ளி விடுகிறது. துப்பாக்கித் தெர்மாமீட்டரின் கண்ணால் பார்க்க முடிந்தால் நம் வெள்ளைச் சுவர் கிட்டத்தட்டக் கரி போல இருக்கும். கண்ணுக்கு வெள்ளை, அகச்சிவப்புக்குக் கறுப்பு, ஒரே பூச்சு இரண்டு வேஷம்! இதை முதலில் படித்த அன்று நான் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதுவும் போய்ச் சேருகிற இடம் இருக்கிறதே, அது இன்னும் அழகு. வளிமண்டலம் பெரும்பாலான அகச்சிவப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் (புவி சூடாவதே அதனால்தான்). ஆனால் 8-லிருந்து 13 மைக்ரான் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. நம் அறைவெப்பத்தில் இருக்கும் பொருள்கள் அதிகமாகக் கதிர் விடுவதும் 10 மைக்ரான் பக்கம்தான். ஆகவே மாடி விடும் சூட்டில் ஒரு பகுதி காற்றைச் சூடாக்காமலேயே விண்வெளிக்குப் போய்விடுகிறது. மேகமில்லாத ராத்திரியில் அந்தத் துப்பாக்கியை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சுற்றியுள்ள காற்றைவிட வெகு கீழே காட்டும். ஒரு மேகம் வந்தால் எண் ஏறிவிடும், ஜன்னல் சாத்தியாச்சு என்று அர்த்தம். மார்கழிக் காலையில் வெட்டவெளியில் நின்ற பைக் சீட் நனைந்திருக்கும், மரத்தடியில் நின்றது காய்ந்திருக்கும். பனி மேலிருந்து விழுகிறது என்கிறோம், உண்மையில் வானத்தைப் பார்த்த சீட் சூட்டை விட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோக, பக்கத்துக் காற்றின் ஈரம் அதில் வந்து படிகிறது. 'மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்றார்களே, மச்சு என்றால் மேல்தளம், சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அலகாபாத்தில் மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, காய்ந்த கரும்பு, மக்காச்சோளத் தட்டைகள் மேல் வைத்து, ராத்திரி வானத்துக்குக் காட்டியே ஐஸ் எடுத்ததை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-இல் எழுதியிருக்கிறார். 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமன் குழு, வெயிலில் நிற்கும்போதே சுற்றியுள்ள காற்றைவிட 5 டிகிரி குளிர்ந்திருக்கும் ஒரு பரப்பைச் செய்து காட்டியது. பர்டூ பல்கலைக்கழகத்தில் பேரியம் சல்ஃபேட் பெயின்ட் 98 சதவீத வெயிலைத் திருப்பியது. சுண்ணாம்பு அந்த அளவுக்குப் போகாது, 75, 80 சதவீதம் திருப்பினால் அதிகம். ஆனால் விலையைப் பாருங்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மாடியில் சோலார் பேனல் போட்டால் ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம், அதற்குப் பணம் கிடைக்கும். பேனல் நல்லதுதான், நிழலும் தரும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்துப் பள்ளிக்கூட மாடியில் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வருடம் ஒரு மாணவரை மேலேயும் கீழேயும் தெர்மாமீட்டரோடு அலையவிட்டு அளக்கிற ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுப்பார்கள்? வாஸ்து பார்க்கிறவருக்கு மட்டும் எல்லா அலுவலகத்திலும் பட்ஜெட் இருக்கிறது. என் நண்பர் வேலை பார்க்கும் இடத்தில் வாஸ்துக்காரர் சொன்னார் என்று காற்று வருகிற ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, அதற்காகவே இன்னொரு ஏசி வாங்கினார்கள். பைபாஸ் ரோட்டில் மேற்குப் பார்த்துக் கண்ணாடி மாட்டிய கட்டிடங்களைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன். 1636-இல் கட்டிய நாயக்கர் மகாலின் தடித்த சுவரையும் சுண்ணாம்புச் சாந்தையும் பார்க்க டிக்கெட் எடுத்துப் போகிற ஊர் இது.

சரி, உங்கள் மாடிக்கு வருவோம். கீழ்த்தளத்துக்கு இதனால் பெரிய பலன் இராது, மேல் மாடிக்குத்தான். மாசியிலேயே அடித்துவிடுங்கள். விரிசலை முதலில் பூசி, தூசியைக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, உதிராமல் இருக்கக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட். அடிப்பவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. தூசி படிந்தால் வெள்ளை மங்கும், பலனும் மங்கும், ஒரு மழைக்காலம் போனால் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

வாங்கிய இரண்டு டின்னும் வீணில்லை. பின்பக்கம் தகரம் போட்ட பைக் ஸ்டாண்டோ ஜெனரேட்டர் ஷெட்டோ இருந்தால் தகரத்தின் அடிப்பக்கம் சில்வரை அடியுங்கள், மேல்பக்கம் வெள்ளை எக்ஸ்டீரியர் பெயின்ட். கப்பலூர் தொழிற்பேட்டை ஷெட்டுகளுக்கும் இதையே சொல்வேன். வெளியே விடக் கஞ்சத்தனம் பண்ணுகிற பூச்சு கீழே நிற்பவர் தலையைப் பார்த்திருக்கட்டும்.